நேரம் தெரியாட்டி, தெரியாது எண்டு சொல்லட்டும்

1970 ஜனவரி 1, காலை 5.30. அந்த விடியப்புறம் எங்கட தோட்டங்களில் ஒரு சென்சரும் இருக்கேல்ல. ஆனாலும் கடந்த சில வருசமாக மாணவர் செயற்திட்டங்களின் தரவுகளைப் புரட்டிப் பார்க்கும்போது அடிக்கடி கண்ணில படுகிற நேரம் அதுதான். மண்ணின் ஈரப்பதம், கிணற்றின் நீர்மட்டம், கோழிக்கூட்டின் வெப்பநிலை எல்லாம் அண்டைக்கு அளந்ததாகப் பதிவாகி இருக்கும்.

காரணம் எளிமையானது. இந்தச் சின்னப் போர்டுகளில் பெரும்பாலானவை நேரத்தை 1970 ஜனவரி 1, கிறீன்விச் நள்ளிரவில் இருந்து எத்தனை செக்கன் கழிந்தது எண்டு எண்ணித்தான் வைத்திருக்கின்றன. கரண்ட் போய் வந்தால் எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போகும். பூச்சியத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றினால் காலை 5.30 வரும்.

இதைச் சின்னப் பிழை எண்டு சிரிச்சுப்போட்டுப் போகலாம். அட்டவணையில் அந்த வரியை அழிச்சுவிட்டு மிச்சத்தைப் பவர்பொயின்ரில் போடலாம். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். நாங்கள் சொல்ல வாறது வேற: இண்டைக்கு எங்கட பெடியள், பெட்டையள் செய்கிற இணையத்தோட பேசும் கருவிகளில் மிகவும் கவனிக்காமல் விடப்பட்ட பகுதி நேரம்தான். நேரத்தில் பொய் சொல்லுகிற கருவி, அளவில் சரியாக இருந்தாலும் நம்பத் தகாதது.

ஏன் இதுக்கு நேரம் தெரியாது?

மடிக்கணினிக்குள் மணிக்கூட்டைத் தனியாக ஓட வைக்க ஒரு பற்றரி இருக்கும். அணைச்சு வைச்சாலும் நேரம் ஓடும். ஈஎஸ்பி32, ஈஎஸ்பி8266 போர்டுகளில் அந்தப் பற்றரி இல்லை. ராஸ்பெரி பையிலும் 5 ஆம் பதிப்பு வரும்வரைக்கும் மணிக்கூடு இருக்கேல்ல. 5 இல் இருக்கு, ஆனால் பற்றரியைத் தனியாக வாங்கிப் பூட்ட வேணும். பழைய ராஸ்பெரி பை ஒரு தந்திரம் செய்யும்: அணைக்கும்போது கடைசி நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்து, திரும்ப எழும்பும்போது அதில் இருந்தே தொடரும். எங்களைக் கேட்டால் இது 1970 ஐ விடவும் மோசம். 1970 எண்டால் பார்த்தவுடனே பிழை எண்டு தெரியும். நேற்றைய பின்னேரத்தை இண்டைய காலை எண்டு காட்டினால் ஆர் கண்டுபிடிப்பது?

ஆக, போர்ட் எழும்பினதும் இணையத்தில் ஆரிட்டயாவது நேரம் கேட்க வேணும். அதுக்கான வழிமுறைதான் என்.ரி.பி. அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் மில்ஸ் உருவாக்கியது. 1985 இல் முதல் ஆவணம் வந்தது. அவர் 2024 ஜனவரியில் காலமானார். உலகத்தின் கணினிகள், வங்கிகள், தொலைபேசி வலையமைப்புகள் இண்டைக்கும் அவர் போட்ட பாதையில்தான் நேரம் பார்க்கின்றன.

அது வேலை செய்கிற விதம் அழகானது. எங்கட கருவி தன்ர மணிக்கூட்டில் சரியாக 10.00 மணி, 0.000 செக்கனுக்கு ஒரு கேள்வியை அனுப்புது எண்டு வைப்பம். சேர்வரின் மணிக்கூட்டில் அது 5.100 செக்கனுக்குப் போய்ச் சேருது. சேர்வர் 5.101 இல் பதிலை அனுப்புது. எங்கட மணிக்கூட்டில் 0.201 இல் பதில் வருது. போக வர எடுத்த நேரம் மொத்தம் 0.200 செக்கன். போகவும் வரவும் ஒரே அளவு நேரம் எடுத்திருக்கும் எண்டு எடுத்தால் ஒரு வழிக்கு 0.100. அப்ப நாங்கள் சரியாக 5 செக்கன் பிந்தி நிக்கிறம். நாலு நேரக்குறிப்பு, ஒரு கூட்டல், ஒரு கழித்தல், அவ்வளவுதான். போற பாதையும் வாற பாதையும் ஒரே அளவு எண்ட அந்த எடுகோள்தான் இதின் பலவீனம். நெரிசலான 4ஜி இணைப்பில் அது பொய்க்கும், ஆனால் பிழை மில்லிசெக்கன்களில்தான் இருக்கும். தோட்டத்துக்கு அது போதும்.

கரண்ட் முதல் வரும், இணையம் பிறகு வரும்

பிரச்சினை கணக்கில் இல்லை, எங்கட ஊரில் கரண்ட் வாற ஒழுங்கில் இருக்கு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தம். 2025 பெப்ரவரி 9 ஒரு ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒண்டு போய் முட்டி நாடே இருண்டது. இவை இல்லாட்டிக்கூட, மாரி தொடங்கினால் மின்னலுக்கும் மரக்கொப்புக்கும் கரண்ட் போய் வாறது எங்களுக்குப் புதுசில்லை.

கரண்ட் வந்தவுடனே என்ன நடக்குது எண்டு பாருங்கோ. ஈஎஸ்பி32 ஒரு செக்கன் அளவில் எழும்பிவிடும். வீட்டு ரௌட்டர் எழும்ப ஒண்டு இரண்டு நிமிசம் எடுக்கும். போர்ட் எழும்பி வைஃபையைத் தேடும், இல்லை. பத்துத் தரம் முயற்சி செய்யும், பிறகு அடுத்த வரிக்குப் போகும். அடுத்த வரி என்.ரி.பி. அதுவும் கிடைக்காது. பெரும்பாலான மாதிரி நிரல்களில் நேரம் கேட்பது தொடக்கத்தில் ஒரு தரம்தான். தவறினால் தவறினதுதான். ரௌட்டர் எழும்பி வைஃபை வந்த பிறகு தரவு அழகாகப் போகும். நேரம் மட்டும் 1970 இல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் பாரதூரமான இடம், கருவி வெறுமனே அளக்காமல் எதையாவது இயக்கும்போதுதான். தண்ணி இறைக்கிற மோட்டரை 6.00 மணிக்குப் போட்டு 6.20 க்கு நிப்பாட்டு எண்டு எழுதின நிரலை எடுப்பம். 6.10 க்குக் கரண்ட் போய் வருது. கருவி மோட்டர் ஓடின நிலையை நினைவில் வைத்துத் திரும்பப் போடுது, ஆனால் நேரம் இப்ப 5.30. கருவிக்கு 6.20 வர இன்னும் 50 நிமிசம் இருக்கு. கோடையில் யாழ்ப்பாணத்துக் கிணறு ஒண்டில் இருந்து 40 நிமிசம் கூடுதலாக இறைச்சால் என்ன ஆகும் எண்டு தோட்டக்காரரைக் கேளுங்கோ. தண்ணி வத்தினால் மோட்டர் காய்ஞ்சு ஓடும், சுருள் எரியும். இதுக்குப் பரிகாரம் சுலபம்: எவ்வளவு நேரம் ஓட வேணும் எண்டதைச் சுவர் மணிக்கூட்டால் அளக்கக் கூடாது. போர்ட் எழும்பினதில் இருந்து எண்ணுகிற மில்லிசெக்கன் எண்ணியால் அளக்க வேணும். அது முன்னுக்கும் பின்னுக்கும் பாயாது. கரண்ட் போய் வந்தால் அதுவும் பூச்சியத்தில் தொடங்கும் எண்டதால், எழும்பினவுடன் மோட்டர் நிப்பாட்டின நிலையில் இருக்க வேணும். (32 பிட் எண்ணி 49.7 நாளில் நிரம்பித் திரும்பத் தொடங்கும். முடிவில் இருந்து தொடக்கத்தைக் கழிச்சுக் கணக்குப் பார்த்தால் அதுவும் பிரச்சினை இல்லை.)

இன்னொரு உதாரணம், தடுப்பூசி வைக்கிற குளிர்சாதனப் பெட்டி. 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேணும். 8 ஐத் தாண்டினது எண்டு மட்டும் தெரிஞ்சால் போதாது. எப்ப தாண்டினது, எவ்வளவு நேரம் தாண்டி இருந்தது எண்டதை வைத்துத்தான் மருந்தை வைச்சிருக்கலாமா எறியிறதா எண்டு முடிவெடுப்பார்கள். கரண்ட் போன நேரம்தான் வெப்பம் ஏறுகிற நேரம். எங்கட கருவியின் மணிக்கூடு குழம்புகிறதும் அதே நேரம்தான். மிகவும் தேவைப்படுகிற கணத்தில்தான் இது கைவிடுது.

சிசிரிவி கமராவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "கமராவில நேரம் பிழை, அரை மணித்தியாலம் கூட்டிப் பாருங்கோ" எண்ட வசனத்தை எத்தனை கடையில் கேட்டிருப்பம். களவு போன கடைக்காரருக்கு அது போதும். வழக்கு எண்டு வந்தால், எதிர்ப்பக்கச் சட்டத்தரணி முதல் பிடிக்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும். சாட்சியத்தை நம்ப வைக்கிறது எவ்வளவு கடினம் எண்டு தெரிஞ்ச சமூகம் நாங்கள். ஆதாரத்தில் நாங்களே ஓட்டை வைக்கக் கூடாது.

சில நூறு ரூபா

பற்றரியோட ஒரு மணிக்கூட்டுச் சில்லைப் பூட்டினால் இதில் பாதி தீர்ந்தது. கடைகளில் இரண்டு கிடைக்கும். டிஎஸ்1307 மலிவு, ஆனால் வெளியில பூட்டின பளிங்கை நம்பி ஓடும், வெப்பத்துக்கு நேரம் விலகும். டிஎஸ்3231 வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். 0 இல் இருந்து 40 பாகை வரைக்கும் மில்லியனுக்கு 2 பங்குதான் விலகல், வருசத்துக்கு ஒரு நிமிசம் அளவு. எங்கட வெயிலுக்கு டிஎஸ்3231 தான். சில நூறு ரூபாவுக்குள் முடியிற விசயம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேணும். சந்தையில் பரவலாகக் கிடைக்கிற டிஎஸ்3231 போர்டுகளில் பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற சுற்று இருக்கும். அது சார்ஜ் ஏற்றக்கூடிய பற்றரிக்கானது. நாங்கள் சாதாரண சிஆர்2032 ஐப் போட்டு 5 வோல்ற்றில் ஓட்டினால் அது ஊதலாம், கசியலாம். அந்தச் சிறிய டயோடையோ தடையையோ கழட்டிவிட்டுப் பாவியுங்கோ.

இணையம் மட்டும் போதாதா எண்டு கேட்கலாம். போர்டில் இருக்கிற பளிங்கு மில்லியனுக்கு 20 பங்கு விலகினால் நாளுக்கு 1.7 செக்கன், மாதத்துக்கு ஒரு நிமிசத்துக்குக் கிட்ட. விழிச்சிருக்கிற கருவிக்கு இது பெரிய விசயம் இல்லை. ஆனால் பற்றரியில் ஓடுகிற கருவி பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில் கிடக்கும். அப்ப ஈஎஸ்பி32 பாவிக்கிறது பளிங்கை இல்லை, உள்ளுக்குள் இருக்கிற மலிவான ஒரு அலையாக்கியை. அது வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். நூற்றுக்கு 5 விலகினால் ஒரு மணித்தியாலத் தூக்கத்தில் 3 நிமிசம் பிழை. ஒருநாளில் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல.

அரை மணித்தியாலத்தின் கதை

எங்கட நிரல்களில் 19800 எண்ட ஒரு எண் இருக்கும். ஐந்தரை மணித்தியாலத்தின் செக்கன்கள். எல்லாரும் பார்த்து எழுதுவார்கள், அதைக் கேள்வி கேட்கிறவர்கள் குறைவு.

5.30 இயற்கை விதி இல்லை, அது அரசாங்க முடிவு. 1996 மே 25 இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக இலங்கை 6.30 க்குப் போனது. அதே ஆண்டு ஒக்ரோபர் 26 இல் 6.00 க்கு வந்தது. 2006 ஏப்ரல் 15 இல்தான் திரும்ப 5.30. பத்து வருசத்தில் மூன்று மாற்றம். இதில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்கவேயில்லை, 5.30 இலேயே இருந்தன. ஒரு தீவில் இரண்டு நேரம். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு வவுனியாவில் இருந்து யாழ்ப்பாணம் போனவர், ஓமந்தை தாண்டினதும் அரை மணித்தியாலம் பின்னுக்கும், முகமாலை தாண்டினதும் அரை மணித்தியாலம் முன்னுக்கும் போனார். எங்கட வாசகர்களில் பலருக்கு இது அம்மா அப்பா சொன்ன கதையாகத்தான் இருக்கும்.

உலகத்துக் கணினிகள் பாவிக்கிற நேரவலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு ஒரேயொரு பெயர்தான் இருக்கு: ஆசியா, கொழும்பு. வன்னியின் நேரம் அதில் தனி வலயமாக இல்லை, ஒரு குறிப்புரையில் மட்டும் கிடக்கு. அந்தக் காலத்தில் கிளிநொச்சியில் எழுதின ஒரு பதிவேட்டில் "காலை 8.00" எண்டு மட்டும் இருந்தால், அது ஆற்றை 8.00 எண்டு இண்டைக்குக் கேட்க வேண்டி இருக்கு. அதே மாதிரி 2006 ஏப்ரல் 15 அதிகாலை 0.30 க்கு மணிக்கூடு 0.00 க்குத் திரும்பியது. கொழும்பு நேரத்தில் அந்த முதல் அரை மணித்தியாலம் இரண்டு தரம் வந்தது. உள்ளூர் நேரத்தை மட்டும் எழுதின எந்தக் கருவியாலும் எது முதல், எது பிறகு எண்டு சொல்ல ஏலாது.

பாடம் இதுதான்: சேமிப்பது யூ.ரி.சி நேரத்தில். காட்டுவது உள்ளூர் நேரத்தில். வேறுபாட்டை நிரலுக்குள் ஆணி அடிச்சு வைக்காமல், தூரத்தில் இருந்து மாற்றக்கூடிய அமைப்பாக வையுங்கோ. நேரவலயத்தைச் சரமாக எழுதும்போது குறியையும் கவனியுங்கோ. அந்தப் பழைய யுனிக்ஸ் முறையில் கிழக்கில் இருக்கிற எங்களுக்குக் கழித்தல் குறிதான் வரும். மாறி எழுதினால் 11 மணித்தியாலம் பிழைக்கும்.

கேட்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு

நாங்கள் நேரம் கேட்கிற சேர்வர்களில் பல, தொண்டர்கள் இலவசமாக நடத்துகிறவை. என்.ரி.பி பூல் எண்ட அந்தத் திட்டம் 2003 இல் தொடங்கினது. அதே ஆண்டில்தான் இன்னொரு கதையும் நடந்தது. நெட்கியர் நிறுவனம் தன்ர ரௌட்டர்களில் நாலு மாதிரிகளுக்குள் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மடிசன் பல்கலைக்கழகத்தின் நேரச் சேர்வரின் முகவரியை நேரடியாக எழுதி வைத்திருந்தது. பதில் வராட்டி ஒவ்வொரு செக்கனும் திரும்பக் கேள் எண்டும் எழுதி இருந்தது. அப்படி 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரௌட்டர்கள். 2003 மேயில் வெள்ளம் தொடங்கி, ஜூனில் செக்கனுக்கு 250,000 கேள்வி எண்ட அளவுக்குப் போனது. நேரம் சொல்ல வைத்திருந்த ஒரு சேர்வருக்கு அது தாக்குதல் மாதிரித்தான். யாரும் தாக்க நினைக்கேல்ல, ஒரு வரி நிரலைச் சோம்பேறித்தனமாக எழுதினார்கள், அவ்வளவுதான்.

எங்கட பத்துப் போர்டால் அப்படி ஒண்டும் நடக்காது எண்டு சொல்லலாம். இண்டைக்குப் பத்துத்தான். நல்ல செயற்திட்டம் வியாபாரமாக மாறினால் பத்தாயிரம். நாடு முழுக்கக் கரண்ட் போய் ஒரே நேரத்தில் வரும்போது அந்தப் பத்தாயிரமும் ஒரே செக்கனில் எழும்பும், ஒரே செக்கனில் கேட்கும். கேட்க முதல் சில செக்கன்கள் தற்செயலாகக் காத்திருக்கட்டும். தவறினால் அடுத்த முயற்சிக்கு இரண்டு மடங்கு, பிறகு நாலு மடங்கு இடைவெளி விடட்டும். விற்பனைக்கு விடுகிறவர்கள் பூல் திட்டத்திடம் தங்களுக்கெண்டு ஒரு பெயரைக் கேட்டு வாங்க வேணும் எண்டது அவர்களின் எழுதின நிபந்தனை. கிணற்றில் தண்ணி அள்ளுகிறவர் வாளியைப் பத்திரமாக வைச்சுவிட்டுப் போறது மாதிரி.

எங்களுக்கு இன்னொரு ஆசையும் இருக்கு. ஒரு ராஸ்பெரி பை, நேரத் துடிப்புத் தருகிற ஒரு ஜி.பி.எஸ் வாங்கி, நிலையான ஒரு இணைய முகவரி இருந்தால் நல்ல நேரச் சேர்வர் ஒண்டை நடத்தலாம். வடக்குக் கிழக்கில் இருக்கிற பல்கலைக்கழகங்களில் ஏதாவது ஒரு துறை இதை ஒரு இறுதியாண்டுச் செயற்திட்டமாக எடுத்து, இலங்கைத் தொகுதிக்கு ஒரு சேர்வரைக் கொடுக்கலாம். எடுத்த இடத்துக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறது.

"செக்கனுக்குச் செக்கன் தேவையா?"

இந்த இடத்தில் ஒருவர் நியாயமாகக் கேட்பார்: பாடசாலை மணிக்கு அரை நிமிசம் பிந்தினால் என்ன குடி முழுகப் போகுது? முழுகாது. நாங்கள் துல்லியத்துக்காக வாதாடேல்ல. கோழிக்கூட்டுக்கு மில்லிசெக்கன் தேவையில்லை. நாங்கள் கேட்பது, கருவிக்குத் தனக்கு நேரம் தெரியுமா தெரியாதா எண்டது தெரிய வேணும் எண்டதைத்தான். ஒரு நிமிசம் பிழைக்கலாம் எண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிற கருவி, செக்கன் வரைக்கும் காட்டிக்கொண்டு 55 வருசம் பிழைக்கிற கருவியைவிட எவ்வளவோ மேல்.

அதுக்குச் செலவே இல்லை. ஒவ்வொரு பதிவோடும் ஒரு எழுத்தைச் சேருங்கோ: நேரம் இணையத்தில் இருந்து வந்ததா, பற்றரி மணிக்கூட்டில் இருந்தா, இல்லாட்டித் தெரியாதா. கடைசியாக எப்ப சரிபார்த்தது எண்டதையும் எழுதுங்கோ. நிரலை உருவாக்கின திகதிக்கு முந்தின எந்த நேரத்தையும் ஏற்கக் கூடாது, அது கட்டாயம் பொய். தெரியாத நிலையில் எடுத்த அளவுகளை எறிய வேண்டாம், எழும்பினதில் இருந்து எத்தனையாவது செக்கன் எண்டு குறிச்சு வையுங்கோ. இடையில் கரண்ட் போகாமல் இருந்தால், பிறகு நேரம் கிடைச்சதும் பின்னோக்கிக் கணக்குப் போடலாம். என்.ரி.பி யை மறிக்கிற வலையமைப்புகளும் உண்டு. அங்க ஏதாவது ஒரு இணையத்தளம் தன் பதிலின் தலைப்பில் அனுப்புகிற திகதியை எடுத்தாலும் செக்கன் அளவுக்குச் சரியாக இருக்கும்.

இண்டைக்குப் பூட்டுகிற கருவி பத்துப் பன்னிரண்டு வருசம் கிடக்கலாம் எண்டதையும் மறக்க வேண்டாம். என்.ரி.பி யின் 32 பிட் எண்ணி 2036 பெப்ரவரி 7 இல் நிரம்பும். 32 பிட்டில் 1970 கணக்கு வைத்திருக்கிற கருவிகளுக்கு 2038 ஜனவரி 19, எங்கட நேரம் காலை 8.44 க்குக் கதை முடியும். புதிய ஈஎஸ்பி32 மென்பொருள் தொகுப்புகளில் நேரம் 64 பிட்டுக்கு மாறிவிட்டது. பழைய நிரலைப் பிரதி எடுத்து ஒட்டுகிறவர்கள் அந்தக் குண்டையும் சேர்த்துத்தான் ஒட்டுகிறார்கள்.

கண்காட்சிகளுக்கும் போட்டிகளுக்கும் நடுவராகப் போகிற ஆசிரியர்களிடம், அண்ணாமார் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். செயலி வடிவாக இருக்கா, வரைபடம் கலரா இருக்கா எண்டு பார்த்து முடிஞ்ச பிறகு, இணையத்தை நிப்பாட்டுங்கோ, பிளக்கைக் கழட்டித் திரும்பப் போடுங்கோ. பிறகு "இப்ப நேரம் என்ன?" எண்டு அந்தக் கருவியைக் கேளுங்கோ. சரியான நேரம் சொன்னால் முழுப் புள்ளி. "எனக்கு இப்ப தெரியாது" எண்டு சொன்னாலும் முழுப் புள்ளி குடுங்கோ.